தீவுக்கு டூர் போறோம் – எந்தக் கரையில இறங்கலாம்?



பிசான அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும்போது பல குழுக்களில் ராமேஸ்வரம் டூர் பேச்சு வந்துவிடும். வேன் வாடகை, சாப்பாடு, ரூம் எல்லாம் பேசித் தீர்மான நோட்டில் எழுதுகிறோம். எந்தக் கரையில் இறங்குவது என்பதை மட்டும் "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். அதைக் கிளம்பும் முன்பே பேசத்தான் இந்த மாதப் பாடம்.

ராமேஸ்வரம் இருப்பது பாம்பன் தீவில். தீவுக்கு வடக்கே இருப்பது பாக் கடல், தெற்கே மன்னார் வளைகுடா. அந்த ஊர்க்காரர்கள் வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். முன்னது அமைதி, பின்னது முரடு என்று கணக்கு. பேர் வைத்தவர்கள் நம்மைக் கேட்டு வைக்கவில்லை! ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று அடித்தால் பெண் கடலும் சீறும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி ஊரே அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த ரயிலும் பயணிகளோடு கடலில் போனது.

ஆகவே மாதத்தைப் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்குக் காற்று. அப்போது தென்கரை கொந்தளிக்கும், வடக்குப் பக்கம் அடங்கியிருக்கும். வாடைக்காலத்தில் இது தலைகீழ். இரண்டு காற்றுக்கும் நடுவே, மாசி பங்குனியில், பொதுவாக இரண்டு பக்கமும் கொஞ்சம் சாந்தமாக இருக்கும். நமக்கும் அதுதான் வேலை ஓய்ந்த நேரம்.

இனி கரைகளைப் பார்ப்போம். கோயிலுக்குக் கிழக்கே உள்ள அக்னி தீர்த்தத்தில் ஆழம் குறைவு, அலையும் குறைவு. வயதான அக்காமார்கள் முங்கி எழ இதுதான் ஏற்ற இடம். ஆனால் அமாவாசை நாளில் கூட்டம் நெரியும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 டிசம்பரில் இந்தக் கரைக்குப் பக்கத்தில் தனியார் உடை மாற்றும் அறை ஒன்றில் ஒளித்து வைத்த கேமரா கண்டுபிடிக்கப்பட்டு, இருவர் கைதானார்கள். ஒரு பெண் கவனித்துப் புகார் கொடுத்ததால்தான் அது வெளியே வந்தது. ஈரத்துணியோடு ரூமுக்கு நடப்பது வெட்கம் இல்லை. ரூம் போடும்போதே கரையிலிருந்து நடக்கும் தூரத்தில் பாருங்கள். வெளியில்தான் மாற்ற வேண்டும் என்றால், நாலு பேர் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டாலே போதும்.

தனுஷ்கோடியும் அரிச்சல்முனையும் பார்க்க வேண்டிய இடம், குளிக்கும் இடம் இல்லை. இரண்டு கடலும் சேரும் முனை அது. மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு பலமாக இருக்கும், காலுக்கடியில் மணல் சரியும். 2017-ல் முனை வரை ரோடு திறந்த பிறகு வேன் நேராகவே போகிறது. அதனால் ஆபத்து குறைந்துவிடவில்லை. இடிந்த தேவாலயத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நிழல் கிடையாது, குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும்.

பிள்ளைகள் விளையாட வேண்டும் என்று அழுதால், பாம்பன் பாலத்துக்கு முன்பே உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரை இருக்கிறது. இது தீவில் இல்லை, ஆனால் பாக் கடல் கரைதான். அலை குறைவு. என் கணக்கில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதுவே முதல் இடம்.

"நாங்க தாமிரபரணியில நீந்தி வளந்தவங்க மேடம், எங்களுக்கா பயம்?" என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். ஆறு ஒரே திசையில் இழுக்கும், எப்படியும் ஒரு கரை கிடைக்கும். கடல் நம்மை உள்ளே இழுக்கும். கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் கை ஓய்ந்துபோகும். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகிய பிறகே திரும்ப வேண்டும். சேலை நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும், அதனால் முழங்காலுக்கு மேல் வேண்டவே வேண்டாம். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். அன்று கடல் சீற்றம் பற்றிய முன்னறிவிப்பு இருந்தது. படித்தவர், படிக்காதவர் என்று கடல் பார்ப்பதில்லை.

முன்னறிவிப்பை ரேடியோவிலோ செல்போனிலோ முந்தின நாளே பாருங்கள். கரையில் மீன் விற்கும் பெண்களிடம் "இன்னைக்குக் கடல் எப்படி இருக்கு அக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாம்பன் பக்கத்துப் பெண்கள் பலர் கடல்பாசி எடுக்கத் தண்ணீரில் இறங்குகிறவர்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இந்த மாதக் கூட்டத்தில் மூன்று விஷயம் தீர்மானியுங்கள்: எந்த மாதம் போகிறோம், எந்தக் கரையில் குளிக்கிறோம், தண்ணீரில் இறங்காமல் கரையில் நின்று தலை எண்ணப்போவது யார். கடலோரக் காவல் உதவி எண் 1093, ஆம்புலன்ஸ் 108. இரண்டையும் தீர்மான நோட்டில் மட்டுமல்லாமல், தலை எண்ணுகிறவர் செல்போனிலும் போட்டுவிடுங்கள்.