வானம் பார்த்த மணவறை

“அண்ணே, மண்டபத்துல வைக்காம திறந்த வெளியில கல்யாணம் வச்சா அது சாஸ்திரப்படி செல்லுமா?” கோல சிலாங்கூர் வட்டார இளைஞர் வகுப்புகளில் அண்மைக்காலமாக இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. இன்ஸ்தாகிராமில் கடற்கரைத் திருமணம், கோட்டைத் திருமணம் என்று பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் உண்டு. மண்டப வாடகையைக் கேட்டு மலைத்துப்போய்க் கேட்பவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் பதில் ஒன்றுதான் என்பதால் இந்த மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொள்கிறேன்.

நம் திருமணம் பிறந்ததே திறந்த வெளியில்தான். மண்டபம் பிறகு வந்தது. அகநானூற்றின் 86ஆம் பாடலில் ஒரு திருமணக் காட்சி வருகிறது. வரிசையாகக் கால் நட்ட பந்தல், தரையில் பரப்பிய புதுமணல், ஏற்றிவைத்த விளக்கு, தொங்கவிட்ட மாலை, விடியற்காலை நல்ல நேரம். பிள்ளை பெற்ற மங்கலப் பெண்கள் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை நீராட்டி வாழ்த்துகிறார்கள். உளுந்தும் அரிசியும் சேர்ந்த சாப்பாடு. அவ்வளவுதான். பிற்காலச் சிலப்பதிகாரத்தில் தீவலம் வருகிறது, கண்ணகியை அருந்ததிக்கு ஒப்பிடும் வழக்கமும் வருகிறது. சடங்கு கூடியிருக்கிறது, ஆனாலும் பந்தல் பந்தலாகவே இருக்கிறது.

இன்றைக்கும் நாம் பந்தக்கால் நடுகிறோம் இல்லையா? குளிர்சாதன மண்டபத்தில் கல்யாணம் வைத்துவிட்டு, வீட்டு வாசலில் ஒற்றை மூங்கிலை நட்டு, மாவிலையும் மஞ்சள் துணியும் கட்டி, நவதானியமும் பாலும் ஊற்றுகிறோம். எந்தப் பந்தலைத் தாங்க அந்தக் கால் என்று யாரும் கேட்பதில்லை. திறந்த வெளியில் வைத்தால் அந்தக் காலுக்கு மறுபடி வேலை கிடைக்கிறது.

அருந்ததி பார்ப்பதும் இதே கதைதான். காலை பத்து மணிக்கு, மண்டபத்துக் கூரை விசிறியைக் காட்டி, “அருந்ததி பாரும்மா” என்று ஐயர் சொல்வார். மணப்பெண்ணும் தலையை ஆட்டுவாள். ஆசுவலாயனர் முதலியோரின் கிருஹ்ய சூத்திரங்களில் இது இரவுச் சடங்கு. துருவனையும் சப்தரிஷிகளையும் அருந்ததியையும் நட்சத்திரம் தெரியும் நேரத்தில் பார்க்க வேண்டும். சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதியில் நடுவில் இருப்பவர் வசிஷ்டர், அவரை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. வானியலார் இந்த இரண்டையும் மிசார், அல்கோர் என்பார்கள். நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் துருவன் அடிவானத்தோடு ஒட்டிக் கிடப்பான், அவனைப் பார்ப்பது பெரும்பாடு. அருந்ததி அப்படி இல்லை. சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில் நன்றாக இருட்டிய பிறகு வடக்கே திரும்பி நின்றால், மேகம் இல்லாவிட்டால் தெரியும். செம்பனைத் தோட்டத்து இருட்டு இதற்கு நல்ல வசதி. கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது.

இனி இடம். வரலாற்று இடத்தில் கல்யாணம் என்றதும் எல்லார் வாயிலும் வருவது புக்கிட் மெலாவத்தி. குன்றின் மேல் 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம், பழைய பீரங்கிகள், கீழே கடல். 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்து அல்திங்ஸ்பர்க் என்று பெயர் வைத்த கோட்டை, மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டது. படம் எடுக்க அருமையான இடம். ஆனால் அங்கே மணவறை போடுவதை நான் ஆதரிப்பதில்லை. சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களின் அடக்கத்தலம் அந்தக் குன்றில் இருக்கிறது. ரமலான் பிறை பார்க்கும் இடமும் அதுவே. அங்கே ஓமம் வளர்த்துக் கெட்டிமேளம் கொட்டுவது அழகில்லை. நம் கோயில் வாசலில் வேறு யாராவது வந்து விருந்து வைத்தால் நமக்கு எப்படி இருக்கும்? மாலை மாற்றிய பிறகு போய்ப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாலையைக் கையில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அங்குள்ள குரங்குகள் பூவையும் இலையையும் விடாது.

நமக்கென்று ஒரு வரலாற்று இடம் இருக்கிறது. தோட்டத்துக் கோயில் திடல்தான் அது. பெஸ்தாரி ஜெயா, அப்போது பத்தாங் பெர்ஜுந்தை, அங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. பெயரைச் சொன்னாலே தமிழ் காதில் விழுகிறது. அதை நட்ட ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயா வாழ்க்கையை வைத்து நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கினார். துரைக்குப் புத்தகத்தில் இடம் கிடைத்தது. கன்று சுமந்தவர்களுக்குக் கிடைத்த இடம் லயமும் கோயிலும்தான். ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெரம் பக்கமெல்லாம் இன்றைக்கு லயம் இடிந்து கிடந்தாலும், மாரியம்மனோ முனீஸ்வரரோ செம்பனைக்கு நடுவில் தனியாக நின்றுகொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

எங்கள் வகுப்புத் தம்பி ஒருவர் அப்படி ஒரு கோயில் திடலில் போன ஆண்டு கல்யாணம் செய்துகொண்டார். முதலில் வீட்டில் ஒரே சண்டை. “மண்டபம் இல்லாம கல்யாணமா? ஊரு என்னா சொல்லும்? பொண்ணு வீட்டுல நம்மள மதிப்பாங்களா?” என்று அம்மா அழுதார். அப்பா கடன் வாங்கத் தயாராகி, கூட்டுறவுக் கழகப் பாரத்தையும் எடுத்து வந்துவிட்டார். தம்பியின் தங்கை அப்போதுதான் பல்கலைக்கழகத்துக்கு இடம் கேட்டு எழுதியிருந்தாள். அந்தக் கடனை எடுத்தால் அவள் படிப்புக்குக் கையில் ஒன்றும் இருக்காது. அதைத் தம்பி வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை, அப்பா மனசு கஷ்டப்படும் என்று.

முடிவைச் சொன்னது பாட்டி. முப்பது வருஷம் பால்மரம் சீவியவர். “எனக்கு அந்தக் கோயில்லதான் தாலி ஏறுச்சு. பெரட்டு முடிஞ்சு வந்து மண்டோரு, கிராணி எல்லாம் வாழ்த்துனாங்க. நானென்ன வாழாமலா போயிட்டேன்?” என்றார். அதற்குப் பிறகு அம்மா எதுவும் பேசவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்: நாதஸ்வரமும் தவிலும் கட்டாயம் வேண்டும், பாட்டுப்பெட்டி கூடாது. நியாயமான நிபந்தனை என்றுதான் எனக்குப் பட்டது.

அந்த ஏற்பாட்டில் நாங்கள் கவனித்தவற்றைச் சொல்கிறேன்.

கோயிலைத் தாத்தா கட்டியிருக்கலாம், நிலம் பெரும்பாலும் தோட்டக் கம்பெனியுடையது. அதனால் கோயில் நிர்வாகத்திடம் கேட்டதோடு நிற்காமல் தோட்ட அலுவலகத்துக்கும் கடிதம் கொடுத்து, அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும். கார் எங்கே நிற்கும், குலை ஏற்றும் லோரி எந்த வழியில் போகும் என்பதையும் அப்போதே பேசிவிடலாம். ஒலிபெருக்கி வைத்தால் போலீஸ் நிலையத்திலும் சொல்லிவிடுங்கள்.

பதிவு இதைவிட முக்கியம். 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கும் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டப்படி முஸ்லிம் அல்லாதார் திருமணம் பதிவாக வேண்டும். தாலி கட்டியாச்சு, அக்கினி சாட்சி இருக்கு என்று விட்டுவிட்டால், பிறகு பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயருக்கு அலைய வேண்டிவரும். நம் மக்கள் நிறைய அலைந்திருக்கிறார்கள். மனுக் கொடுத்த பிறகு 21 நாள் அறிவிப்புக் காலம் இருக்கிறது, இரண்டு சாட்சிகள் தேவை. அதிகாரம் பெற்ற துணைப் பதிவாளர் உள்ள கோயில் என்றால் அங்கேயே முடிக்கலாம். சின்னத் தோட்டக் கோயில்களில் அவர் இருக்க மாட்டார். எங்கள் தம்பி முன்கூட்டியே பதிவிலாகாவில் முடித்துக்கொண்டார்.

பிறகு மழை. “காலையில மழை வராதுண்ணே” என்பார்கள். மதிய இடிமழையை நினைத்துச் சொல்வது அது. மலாக்கா நீரிணையைப் பார்த்திருக்கும் நம் கரையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை ‘சுமாத்ரா’ என்னும் புயற்காற்று மழை விடியும் முன்னரே வந்து அடிக்கும். அன்றைக்கும் ஐந்து மணிக்கு வந்தது. கூடாரத்தை ஆணி அடித்து, மணல் மூட்டை போட்டுக் கட்டியிருந்ததால் நின்றது. முகூர்த்தத்தை ஒன்பது மணிக்கு மேல் குறித்ததும் நல்லதாகப் போயிற்று. தரையில் புதுமணல் கொட்டியிருந்தோம். மணவறைக்குப் போகும் வழியில் சேறு இல்லை. அகநானூற்றுக்காரர்கள் எதற்கு மணல் பரப்பினார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஓமகுண்டத்தைச் செங்கல் அடுக்கி உயர்த்தி, காற்று வரும் பக்கம் தகரம் மறைத்தோம். கூடாரத் துணி நெருப்புக்கு நேர் மேலே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர் இருக்கட்டும். ஐயரிடம் முன்னாடியே பேசி, ஒவ்வொரு சடங்குக்கும் ஒரு வரி தமிழில் விளக்கம் சொல்லச் சொன்னோம். ஏழடி நடக்கும்போது கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டது. மண்டபத்தில் அந்த நேரத்தில் பாதிப் பேர் சாப்பாட்டு வரிசையில் இருப்பார்கள்.

சாப்பாடு கூட்டுச் சமையல். முதல் நாள் இரவு பழைய தோட்டத்து ஆட்கள் ரவாங், காப்பார், கிள்ளானிலிருந்து வந்து கோயில் பின்புறம் உட்கார்ந்து காய் நறுக்கினார்கள். பதினைந்து வருஷமாகப் பார்க்காதவர்கள். யார் வீடு எந்த லயத்தில் எத்தனையாவது கதவு என்று இரவெல்லாம் ஒரே வாக்குவாதம். 300 பேருக்குப் பத்திரிகை அடிக்க நினைத்த அப்பா, 140 பேரோடு நிறுத்தினார். அழைக்காத உறவுகளுக்கு நேரில் போய்த் தாம்பூலம் கொடுத்துச் சொல்லிவிட்டு வந்தார். ஒன்றிரண்டு பேர் முகத்தைத் திருப்பத்தான் செய்தார்கள்.

அன்று மாலை பொண்ணு வீட்டார் சிலர் கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்கப் போனார்கள். பட்டாசு எதுவும் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தோம். மணமக்கள் திடலிலேயே இருந்துவிட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டு வடக்கே பார்த்தோம். வசிஷ்டர் உடனே தெரிந்தார். அருந்ததியைக் கண்டுபிடிக்க மணப்பெண்ணுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பாட்டிக்குக் கண் தெரியவில்லை, “இருக்கா?” என்று மட்டும் கேட்டார். “இருக்கு பாட்டி” என்றாள்.

அடுத்த வகுப்புக்கு வருவதற்குள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்: அவர்களுக்கு எந்தத் தோட்டத்தில், எந்தக் கோயிலில் தாலி ஏறியது, பந்தக்காலுக்கு என்ன மரம் வெட்டினார்கள், அந்தக் கோயில் இன்று இருக்கிறதா, விளக்கு யார் வைக்கிறார்கள்?