17 குதிரைத்திறன் போதும்

ஒரகடத்தில் ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு எந்தக் கம்பெனியின் பைக் ஸ்டாண்டைப் பார்த்தாலும் ஆர்15, அப்பாச்சி, டியூக், பல்சர் ஆர்எஸ் என்று வரிசையாக நிற்கும். பாதிக்கு மேல் செகண்ட் ஹேண்ட். ராயல் என்ஃபீல்டு 2013இல் ஒரகடத்தில் ஆலை திறந்தது, யமஹா 2015இல் பக்கத்து வல்லம் வடகாலில் திறந்தது. இங்கே பகலெல்லாம் வண்டி செய்கிற பையன்கள், சாயங்காலம் சொந்த வண்டியைப் பற்றி என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, எந்த எக்ஸாஸ்ட் போட்டா பவர் ஏறும்?"

அந்தக் காசை அப்படியே எடுத்து வை, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். முகம் சுருங்கும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் படப்பைவாசி. சிப்காட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் சிஎன்சி மெஷின் பார்க்கிறேன். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆர்15 வி2. 149 சிசி, 8,500 ஆர்பிஎம்மில் 17 குதிரைத்திறன். 2008இல் வந்த முதல் ஆர்15க்கும் அதே 17தான். 2011இல் வி2 கொண்டுவந்தபோது யமஹா அந்த உச்ச எண்ணைத் தொடவே இல்லை. மாற்றியது வேறு இடங்களில்: இரும்பு ஸ்விங்ஆர்முக்குப் பதில் அலுமினியம், வீல்பேஸ் 1,290 மில்லிமீட்டரிலிருந்து 1,345, பின் டயர் 100/80இலிருந்து 130/70 ரேடியல், முன் ஸ்ப்ராக்கெட் 14இலிருந்து 15 பல், பின்னது 42இலிருந்து 47. எஞ்சின் மூளையான இசியுவில் கொஞ்சம் திருத்தம். பெரிய ஆராய்ச்சிக்கூடம் வைத்திருக்கிற கம்பெனியே ஒரு குதிரைத்திறன்கூடக் கூட்டாமல் அந்த வண்டியை வளைவுகளில் இன்னும் தைரியமாகப் போக வைத்தது. சம்பளக்காரன் அதே வழியில் போனால் பாதி செலவில் முடியும்.

முதல் வேலை, வண்டி இழந்துவிட்ட சக்தியைத் திருப்பி வாங்குவது. நான்கைந்து வருடம் ஓடிய எந்த செகண்ட் ஹேண்ட் வண்டியிலும் ஷோரூமில் இருந்த 17 முழுதாக இருக்காது. நம் பக்கத்தில் அதைத் தின்பது தூசி. எருமையூர் குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால், வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டில் கன்டெய்னர்களுக்கு நடுவே தினமும் போகிற வண்டியின் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் மாவு அப்பியிருக்கும். கையேட்டில் சொல்லியிருக்கிற கிலோமீட்டர் நல்ல ரோட்டுக்கான கணக்கு. நான் அதில் பாதியிலேயே மாற்றிவிடுகிறேன். ஆர்15இல் வருவது எண்ணெய் தோய்த்த காகித ஃபில்டர். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் காற்றடித்துத் திரும்பப் போடுகிற பழக்கம் இங்கே நிறைய. அது கூடாது. எண்ணெய்ப் பசை போய், காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும், கல்தூசி நேராக சிலிண்டருக்குப் போகும். புது ஃபில்டர் சில நூறு ரூபாய். பிஸ்டன் ரிங் வேலைக்குப் பல ஆயிரம்.

அடுத்தது செயின். படப்பையில் நான் வண்டி விடுகிற மெக்கானிக் அண்ணன், எஞ்சினைப் பற்றி யார் என்ன புகார் சொன்னாலும் காதில் வாங்காமல் வண்டியை ஸ்டாண்டில் தூக்கிப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுவார். "செயினைப் பாரு தம்பி மொதல்ல. எஞ்சின் என்ன குடுத்தாலும் இது வழியாத்தான் வரணும்." சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது செயினின் கீழ்ப்பக்கத்தை ஒரு விரலால் ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் தொளதொள, அரைச் சுற்று தாண்டி இழுத்துக் கட்டியது போல் விறைப்பு என்றால் கண்ணிகள் சமமாக நீளவில்லை என்று அர்த்தம். அதை அட்ஜஸ்ட் செய்து சரிக்கட்ட முடியாது. பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசி முனையில் செயினைப் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள், பல்லின் பாதி தெரிந்தால் செட்டோடு மாற்ற வேண்டிய நேரம். செயினை மட்டும் புதிதாகப் போட்டுப் பழைய பல்லில் ஓட்டினால் புதுச் செயினும் சீக்கிரம் போய்விடும். கோயம்புத்தூர் எல்ஜிபியின் ரோலான் செட் எல்லா ஊரிலும் கிடைக்கும், இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி முடிந்துவிடும். போட்ட அன்றைக்கே த்ராட்டிலைத் திறந்தால் வண்டி இழுக்கிற விதம் வேறாக இருக்கும்.

டேப்பெட் இடைவெளியும் அப்படித்தான், எஞ்சின் முழுதாக ஆறியபின் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'சத்தம் வரக்கூடாது' என்று காதால் கேட்டு இறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. இறுகிய வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் போகும். சத்தமில்லாத எஞ்சின் நல்ல எஞ்சின் என்று நினைத்துக்கொண்டிருப்போம், சக்தி வால்வு வழியே கசிந்துகொண்டிருக்கும். ஆயில் விஷயத்தில் ஒன்றுதான்: டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை இருக்க வேண்டும். பைக்கில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே ஓடுவதால், கார் ஆயில் ஊற்றினால் வழுக்கும். 100 ஆக்டேன் பெட்ரோலுக்குக் காசு கொட்டாதீர்கள். வி2இன் கம்ப்ரஷன் 10.4:1தான், அதற்குச் சாதா பெட்ரோல் போதும்.

ஸ்ப்ராக்கெட் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் மலிவான மாற்றங்களில் உடலே உணர்கிற மாற்றம் இது. முன்னால் 15 பல்லுக்குப் பதில் 14 போட்டால் விகிதம் 3.13இலிருந்து 3.36க்கு ஏறும். சக்கரத்தில் இழுவை ஒவ்வொரு கியரிலும் 7 சதவீதம் கூடும். அதே 7 சதவீதம் ஆர்பிஎம்மும் ஏறும். நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்தும், மைலேஜ் குறையும். ஒரகடம் மேம்பாலம் ஏறி இறங்கி சிக்னலுக்குச் சிக்னல் ஓடுகிறவருக்கு லாபம். வாரா வாரம் காஞ்சிபுரம் தாண்டி ஊருக்குப் போகிறவருக்கு நஷ்டம். வேகத்தை கியர்பாக்ஸிலிருந்து படிக்கிற வண்டிகளில் மீட்டரும் பொய் சொல்ல ஆரம்பிக்கும், ஜிபிஎஸ்ஸில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். அதற்கு என் தொழிலும் ஒரு காரணம். முன் பிரேக் பிடிக்கும்போது லிவரில் ஒரு துடிப்பு இருந்தது. டிஸ்க் வளைந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சொந்தமாக ஒரு டயல் கேஜ் வைத்திருக்கிறேன். ஃபோர்க் அலுமினியம் என்பதால் காந்த ஸ்டாண்ட் அதில் ஒட்டவில்லை. ஓர் இரும்புப் பட்டையை ஃபோர்க்கோடு சேர்த்து கேபிள் டையால் இறுக்கி, அதன்மேல் ஸ்டாண்டை நிறுத்தி, கேஜின் முனையை டிஸ்க்கின் ஓரத்துக்குச் சற்று உள்ளே தொடவைத்துச் சக்கரத்தை மெல்லச் சுற்றினேன். முள் பாதிச் சுற்றுக்கு ஒருபக்கம், மீதிச் சுற்றுக்கு மறுபக்கம் போனது. டிஸ்க்கைக் கழற்றினால் அது உட்கார்கிற இடத்தில் துருவும் பழைய பெயின்ட்டும் ஒரு பக்கமாகத் திரண்டிருந்தது. தேய்த்துச் சுத்தம் செய்து, போல்ட்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்கியதும் முள் அடங்கிவிட்டது, துடிப்பும் போனது. புது டிஸ்க் தேவைப்படவில்லை. டயல் கேஜ் இல்லாதவர்கள் கேலிப்பரில் ஓர் ஈர்க்குச்சியைக் கட்டி டிஸ்க்குக்கு மயிரிழை தள்ளி நிறுத்திச் சுற்றிப் பார்க்கலாம். அளவு தெரியாது, வளைவு தெரியும்.

பிரேக் ஆயிலை யாரும் நினைப்பதில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் சேர்ந்தபின் அந்தத் தரம் 155க்கு இறங்கிவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் விடவே கூடாது. ஆயில் மாற்றி, பேட் மாற்றி, கேலிப்பர் பின்களுக்கு கிரீஸ் வைத்தால் ஆயிரத்துச் சொச்சத்தில் முடியும். ஃபோர்க் ஆயிலையும் அதே கையோடு மாற்றிவிடுங்கள். நம்பிப் பிரேக் பிடிக்க முடிகிற வண்டியில்தான் வளைவுவரை தைரியமாகப் போக முடியும்.

டயருக்கு மட்டும் கஞ்சம் வேண்டாம். செகண்ட் ஹேண்ட் வண்டியில் பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று திருப்திப்படாமல் பக்கவாட்டில் இருக்கிற நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2218 என்றால் 2018இன் 22வது வாரம் செய்தது. வயதான ரப்பர் கல்லாகிவிடும், பட்டன் எவ்வளவு இருந்தாலும் பிடிக்காது. காற்றைக் காலையில் வண்டி எடுப்பதற்கு முன், குளிர்ந்த டயரில் பாருங்கள். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிவிடுங்கள், பங்க்குக்குப் பங்க் மீட்டர் எண் மாறும்.

எடையைப் பற்றி ஒரு கணக்கு. வண்டி 136 கிலோ, கியரோடு ஓட்டுகிறவர் 80 என்றால் மொத்தம் 216. இதில் 10 கிலோ குறைந்தால், முடுக்கத்துக்கு 17 குதிரைத்திறன் 17.8ஆக மாறியதற்குச் சமம். அந்தப் பத்தையும் வண்டியிலிருந்து கழற்ற முடியாது. உடம்பிலிருந்து கழற்றலாம், செலவும் இல்லை.

இப்போது எக்ஸாஸ்ட். ஒற்றைச் சிலிண்டர் 150 சிசியில் குழாய் மட்டும் மாற்றிக் கிடைப்பது சொற்பம். அந்த எஞ்சினின் பெட்ரோல் கணக்கு கம்பெனிக் குழாய்க்கு ஏற்றபடி இசியுவில் எழுதப்பட்டது. குழாய் மாறினால் சில ஆர்பிஎம்களில் கலவை மெலிந்து, கீழ் இழுவை குறையக்கூடும். சத்தம் ஏறியதால் வேகம் ஏறியதாகக் காது சொல்லும், கடிகாரம் சொல்லாது. 2019 சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் நிறைந்த தெருக்களில் குடியிருக்கிறோம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கிற ரேஸ் சைலன்சரைவிட, அதே புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும் ஒரிஜினல் லிவர், ஃபுட்பெக், கிளட்ச் கேபிள் எனக்கு அதிகம் உதவியிருக்கின்றன.

எக்ஸாஸ்டுக்கு எடுத்து வைத்த அந்தக் காசு இப்போது பயன்படும். மணிமங்கலம் வழியாகப் போனால் பக்கத்திலேயே இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990இல் திறந்த 3.7 கிலோமீட்டர் ட்ராக் அங்கே இருக்கிறது. அதற்கு முன் சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தது. நாட்டின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் ரயிலேறி வருகிற ட்ராக்குக்கு நாம் டிபன் பாக்ஸோடு போய் வரலாம், ஆனாலும் நம் ஆட்கள் வேகத்தை ரோட்டில்தான் தேடுகிறார்கள். ஒன்-மேக் ரேஸ் நடக்கும்போது ஒருநாள் போய் உட்காருங்கள். எல்லோருக்கும் ஒரே மாடல் வண்டி. முன்னால் போகிறவருக்கும் கடைசியில் வருகிறவருக்கும் சில லேப்களிலேயே பெரிய இடைவெளி விழும். ஓட்டுகிற கையில் எவ்வளவு இருக்கிறது என்று அங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

பயிற்சியாளர் ஒருவரோடு ட்ராக்கில் ஓடிய நாட்களில் நான் கற்றவை சில்லறை போலத் தெரியும். டாங்க்கை முழங்காலால் பிடித்துக் கைகளைத் தளர விடுவது. பிரேக்கை நேராக இருக்கும்போதே முடித்துக்கொள்வது. வளைவுக்குள் போகும்போது டயருக்கு முன்னால் பார்க்காமல் வெளியேறுகிற இடத்தைப் பார்ப்பது. எந்த உதிரிபாகமும் எனக்கு இவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுத்ததில்லை. கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் போன்றவை இங்கே வந்து பயிற்சி தருகின்றன, கட்டணம் அதிகம். உள்ளூர் ரேஸர்கள் நடத்துகிற வகுப்புகளும் ட்ராக் டேக்களும் அதைவிடக் குறைவு.

முதல் தடவை போகிறவர்களுக்கு: முழு முகம் மூடுகிற ஹெல்மெட், கையுறை, பூட்ஸ், லெதர் சூட். சூட்டை வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். கண்ணாடிகளைக் கழற்றி, விளக்குகளுக்கு டேப் ஒட்டுங்கள், உடைந்தால் சில்லு ட்ராக்கில் சிதறாது. ரேடியேட்டரில் கூலண்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றச் சொல்லி நடத்துகிறவர்கள் கேட்கலாம், கொட்டினால் கூலண்ட் வழுக்கும் என்பதால். முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ட்ராக்கில் காற்றைக் குறைத்திருந்தால் கிளம்புவதற்கு முன் ரோட்டு அளவுக்கு ஏற்றி, கண்ணாடிகளை மாட்டி, வீட்டுக்கு வந்ததும் தண்ணீரை வடித்துக் கூலண்டை ஊற்றிவிடுங்கள். வெறும் தண்ணீரோடு விட்டால் உள்ளே துரு பிடிக்கும்.