அந்த அரைப் புள்ளி எங்கே போனது?
ஜாவா கற்போருக்குச் சில இணைய வழிகள்



உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்தபோது எனக்குத் தெரிந்த ஒரே நிரல் மொழி பைதன். பல்கலைக்கழகம் போனதும் முதலாம் வருடத்திலேயே ஜாவா வந்தது. பைதனில் ஒரு வரியில் முடிந்த வேலைக்கு இங்கே ஐந்து வரிகள். பயந்துபோய், முதல் ஒப்படைக்கு இணையத்தில் கிடைத்த நிரலை அப்படியே கொப்பியடித்துக் கொடுத்தேன்.

இரண்டு பாடங்களின் சராசரியைக் காணும் நிரல் அது. விரிவுரையாளர் 75, 76 என்ற புள்ளிகளைக் கொடுத்து இயக்கினார். 75.0 என்று விடை வந்தது. "75.5 அல்லவா வரவேண்டும்? அந்த அரைப் புள்ளி எங்கே போனது?" என்று கேட்டார். வாய் திறக்க முடியவில்லை. பூச்சியம் வாங்கிக்கொண்டு விடுதிக்கு வந்து அழுதேன்.

காரணம் சிறியது. ஜாவாவில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால், தசமப் பகுதி வெட்டப்பட்டுவிடும். 151 / 2 என்றால் 75. விடையைச் சேமிக்கும் மாறி தசம வகையாக இருந்தாலும் பயனில்லை. வெட்டிய பிறகுதான் அது உள்ளே போகிறது. 151 / 2.0 என்று எழுதினால் 75.5 கிடைக்கும். இதை ஒருநாள் நானே தட்டெழுதிப் பார்த்திருந்தால் போதும்.

அதன் பின்னர் எனக்குக் கைகொடுத்த நான்கு இடங்களைச் சொல்கிறேன். நான்கையும் பணம் கட்டாமல் பயன்படுத்தலாம்.

முதலாவது, மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டியூட்டோரியல்'. ஜாவா பாடங்கள் இதில் தமிழ்க் குரலிலும் உள்ளன. ஒவ்வொன்றும் சிறிய காணொளி. சற்றுப் பார்த்து, நிறுத்தி, அதையே நாம் செய்து, பிறகு தொடர வேண்டும் என்பதே இதன் முறை. ஆங்கிலம் தடையாக இருப்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

இரண்டாவது, பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் உலகுக்கே திறந்துவைத்திருக்கும் ஜாவா பாடநெறி. ஆங்கிலத்தில் 14 பகுதிகள். வாசிப்பதை விடப் பயிற்சியே அதிகம். எழுதிய நிரல் சரியா, பிழையா என்று அதுவே சோதித்துச் சொல்லும். கணினி வேண்டும், பொறுமையும் வேண்டும்.

மூன்றாவது, 'கோடிங்பேட்'. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக விரிவுரையாளர் நிக் பார்லான்டே உருவாக்கியது. சின்னச் சின்னக் கணக்குகள். எதையும் நிறுவத் தேவையில்லை. கணக்குத் திறக்காமலும் செய்யலாம். கணினி இல்லாத நாட்களில் கையடக்கத் தொலைபேசியிலேயே தினம் இரண்டு கணக்குகள் செய்தேன்.

நான்காவது, டேவிட் எக் எழுதிய 'இன்ட்ரடக்ஷன் டு புரோகிராமிங் யூசிங் ஜாவா' என்ற நூல். ஆசிரியரே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார். ஒரு தடவை தரவிறக்கினால் போதும். டேட்டா முடிந்தாலும் புத்தகம் முடியாது.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திறக்காதீர்கள். ஒன்றைப் பிடித்துப் பாதியாவது கடந்த பிறகு அடுத்ததுக்குப் போங்கள். பிழைச் செய்தி சிவப்பாக வந்தால் பதறாதீர்கள். எந்த வரியில் பிழை என்று அதிலேயே எழுதியிருக்கும். முதலில் அதை வாசியுங்கள். சாட்ஜிபிடியிடம் கேட்பதானாலும், "எழுதித் தா" என்று கேட்காமல், "இந்த வரி ஏன் பிழை?" என்று கேளுங்கள். எழுதிக் கேட்டு வாங்குவதும் நான் அன்று கொப்பியடித்ததும் ஒன்றுதான்.

தமிழை நேசிக்கும் உங்களுக்கு ஒரு பயிற்சி. 'கல்முனை' என்ற சொல்லின் நீளத்தை ஜாவாவிடம் கேட்டுப் பாருங்கள். நமக்கு நான்கு எழுத்துகள்; அது 7 என்று சொல்லும். க, ல, புள்ளி, ம, உகரக் குறி, ன, ஐகாரக் குறி என்று யுனிகோட் முறைப்படி தனித்தனியாக எண்ணுகிறது. நம் எழுத்தை நாம் எண்ணுவது போலவே எண்ணும் நிரலை உங்களால் எழுத முடியுமா? தமிழும் நிரலும் ஒருங்கே தெரிந்தவருக்கே அது இலகு.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நான் இரவில் போனும் கையுமாக இருந்தபோது, "இது படிப்பா புள்ள?" என்று வாப்பா கேட்டார். கோபிக்காமல் பக்கத்தில் இருத்தி, அந்தச் சராசரிக் கணக்கை இயக்கிக் காட்டினேன். பிறகு, "இண்டைக்கு என்ன எழுதினாய்?" என்று தினமும் கேட்கத் தொடங்கினார். அந்தக் கேள்விக்காகவே நான் தினமும் ஏதாவது எழுதினேன். போனைப் பறிப்பதை விட இந்தக் கேள்வி பயன் தரும். பிள்ளை காட்டுவது அவளே எழுதியதா, பார்த்து முடித்த காணொளியா என்பது கேட்ட உடனே விளங்கிவிடும். பணமோ கடனட்டை இலக்கமோ கேட்கும் இடம் வந்தால், உங்களிடம் சொல்லாமல் தொடரக்கூடாது என்றும் சொல்லிவையுங்கள்.

கொழும்புக்குப் போய் வகுப்பெடுக்க வசதி இல்லையே என்று கவலைப்படும் தங்கைகளே, ஒப்படையைக் கொடுக்கும் முன் திரையை மூடிவிட்டு, ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று உம்மாவிடமோ ராத்தாவிடமோ சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் அது உங்கள் நிரல். தடுமாறினால் அந்த வரிக்குத் திரும்பிப் போங்கள்.