ஜெயிக்கப்போகும் நேரத்தில் கை நடுங்கினால்

2022 ஆகஸ்ட் 8. மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட்டின் பத்தாவது சுற்று. இந்தியாவின் இரண்டாம் அணிக்கு எதிரே உஸ்பெகிஸ்தான். முதல் பலகையில் 16 வயது குகேஷ். தொடக்கத்தில் ஆடிய எட்டு ஆட்டங்களிலும் வெற்றி. தோற்றவர்களில் அமெரிக்காவின் ஃபாபியானோ கருவானாவும் ஒருவர். அன்று உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவுக்கு எதிராகவும் ஆட்டம் குகேஷின் கையில்தான் இருந்தது. பிடி மெல்ல நழுவியது. ஒரு டிரா எடுத்திருந்தால் அணி ஜெயித்திருக்கும். அவரோ வெற்றிக்கே முட்டிமோதினார். கடிகாரத்தில் நேரம் கரைய, குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுத்தார். 2-2. கடைசியில் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு; நம் பையன்களுக்கு வெண்கலம்.

மறுநாள் பெண்கள் அணிக்கும் இதே கதை. கடைசிச் சுற்றுக்குள் முதலிடத்தில் நுழைந்தவர்கள் அமெரிக்காவிடம் 1-3 என்று தோற்று வெண்கலத்தோடு திரும்பினார்கள்.

திறமை இருந்தும் பதற்றத்தால் கோட்டைவிடுகிறவர்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஆரம்பத்தைத்தான் பார்க்கிறார்கள். இன்டர்வியூ அறைக்கு வெளியே வியர்க்கும் உள்ளங்கை, மேடையேறும் முன் வறண்டுபோகும் தொண்டை. அது பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். உண்மையான ஆபத்து, எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் வருகிறது. தோற்கிறவனுக்கு இழக்க ஒன்றுமில்லை. ஜெயித்துக்கொண்டிருப்பவன்தான் விளைவைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறான். அந்த நொடியில் கண் பலகையை விட்டு அகன்றுவிடுகிறது.

பழைய மகாபலிபுரம் சாலையின் ஐ.டி. அலுவலகங்களில் இதன் பல வடிவங்களைப் பார்க்கலாம். கிளையன்ட்டுக்கு டெமோ அருமையாகப் போகிறது. காட்டுகிறவர் அங்கேயே முடித்திருக்க வேண்டும். "இன்னொண்ணையும் காட்டிடறேன்" என்று ஒத்திகை பார்க்காத ஒரு வசதியைத் திறக்கிறார். திரை உறைந்து நிற்கிறது. மறைமலை நகரில் இன்டர்வியூவுக்குப் போன டிப்ளமோ இளைஞர் கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லிவிடுகிறார். எதிரே இருப்பவர் குறிப்பெழுதிக்கொண்டு பேசாமலிருக்க, அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் இவர் மேலும் பேசி, தெரியாத விஷயத்துக்குள் தானே போய் மாட்டிக்கொள்கிறார். பதிலில் குறையில்லை. பதில் முடிந்தது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே தயாரிப்பை முடிவிலிருந்து தொடங்குங்கள். டெமோவுக்குப் போகுமுன் கடைசியாகக் காட்டப்போவது எது, அதற்குப் பின் சொல்லப்போகும் வாக்கியம் எது என்பதை எழுதி வையுங்கள். இன்டர்வியூ பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறுத்தம் இருக்கட்டும்: "என் அனுபவத்தில் இவ்வளவுதான் சார், வேறு விவரம் வேண்டுமானால் சொல்கிறேன்." சம்பளப் பேச்சில் எந்தத் தொகைக்குச் சரி என்பீர்கள் என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். அந்தத் தொகை மேசைக்கு வந்ததும் ஆசை இன்னொரு படி ஏறச் சொல்லும். செஸ்காரர்கள் மொழியில், எந்த இடத்தில் டிராவுக்கு ஒப்புக்கொள்வீர்கள் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே யோசித்திருக்க வேண்டும். நேர நெருக்கடியில் யோசிப்பது யோசனையே அல்ல.

முடிவில்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்பது மாமல்லபுரத்துச் சிற்பிகளுக்குத் தெரிந்த சங்கதி. சிலைக்குக் கண் திறப்பது கடைசி வேலை. அதுவரை வேகமாக விழுந்த சுத்தியல் அங்கே சின்ன உளியோடு மெதுவாக இறங்கும். மாதக்கணக்கான உழைப்பும் அந்தச் சில அடிகளில் இருக்கிறது.

இனி உடம்பின் பதற்றம். 'அமைதியாக இரு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது பெரிதாக உதவுவதில்லை. ஹார்வர்டின் ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கரோக்கி பாடவேண்டியவர்களில் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பாடியவர்கள் மேலாகப் பாடினார்கள். படபடக்கும் நெஞ்சை அடக்குவது கடினம்; அதற்கு வேறு பெயர் சூட்டுவது எளிது. 2011-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜெரார்டோ ராமிரெஸும் சியான் பெய்லாக்கும் இன்னொன்றைக் காட்டினார்கள். தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயங்களைத் தாளில் எழுதிய, இயல்பிலேயே பதற்றம் மிகுந்த மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் பத்து நிமிடம் கிடைக்காமலா போகும்? பழைய நோட்டுத் தாளே போதும். எழுதியதை யாருக்கும் காட்டவேண்டாம்.

குகேஷும் தனியாக இதையெல்லாம் சமாளிக்கவில்லை. உலகப் பட்டப் போட்டிக்குத் தயாரானபோது மனப் பயிற்சியாளராக பேடி அப்டன் உடனிருந்தார். 2011 உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடு வேலை செய்தவர். அதற்கு முன் 2024 ஏப்ரலில் டொரோண்டோவில் நடந்த, உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியிலும் ஏழாம் சுற்றில், மறுபடியும் நேர நெருக்கடியில், அலிரேசா ஃபிரூஜாவிடம் தோற்றார். இந்த முறை உடையவில்லை. இது தன்னுடைய போட்டி என்று தோன்றியதே அந்தத் தோல்விக்குப் பிறகுதான் எனப் பின்னால் சொன்னார். கடைசிச் சுற்றில் அரைப் புள்ளி முன்னிலையோடு நகமுராவுடன் டிரா செய்தார். இன்னொரு பலகையிலும் டிரா ஆகவே, கேண்டிடேட்ஸ் அவர் வசமானது. டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியன்.

அங்கே எதிரே உட்கார்ந்திருந்த டிங் லிரெனையும் கவனிக்க வேண்டும். 2023-இல் பட்டம் வென்ற பிறகு மனச்சோர்வு, தூக்கமின்மை என்று துவண்டதை அவரே வெளிப்படையாகப் பேசினார். பதற்றம் வேறு, நோய் வேறு. தூக்கம் வாரக்கணக்கில் கெட்டால், பிடித்த வேலையே கசந்தால், மேலே சொன்ன உத்திகள் போதாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐ அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. 'லீவு போட்டு அங்கே போனால் என்ன நினைப்பார்கள்' என்ற கேள்வியை அலுவலகத்துக்கு விட்டுவிடுங்கள். காய்ச்சலுக்கு லீவு எடுக்கும்போது யாரும் விளக்கம் எழுதித் தருவதில்லை.

கோட்டைவிட்ட மறுநாள் என்ன செய்வது? சிங்கப்பூரில் முதல் ஆட்டத்தையே தோற்ற குகேஷிடம் விஸ்வநாதன் ஆனந்த் லிஃப்டில் சொன்னது ஒரு கணக்கு. எனக்கு அப்போது பதினோரு ஆட்டங்கள்தான் மிச்சமிருந்தன, உனக்குப் பதிமூன்று. 2010-இல் சோஃபியாவில் டோபலோவிடம் முதல் ஆட்டத்தைத் தோற்றுவிட்டுப் பட்டத்தைத் தக்கவைத்தவர் அவர். ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லை. மிச்சம் எவ்வளவு என்ற விவரம் மட்டும்தான்.

அதே கணக்கை நீங்களும் போடலாம். நிராகரிப்பு மெயில் வந்த அன்றே ஹெச்.ஆருக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள்: மறுபடி விண்ணப்பிக்க எத்தனை மாதம் பொறுக்க வேண்டும், எந்தச் சுற்றில் தவறியது. பல நிறுவனங்கள் முதல் கேள்விக்காவது பதில் தரும். தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு, எந்தப் பதிலில் நிறுத்தாமல் போனீர்கள் என்பதை நினைவு மங்குமுன் எழுதி வையுங்கள். அடுத்த இன்டர்வியூவுக்கு முதலில் ஒத்திகை பார்க்க வேண்டியது அந்தப் பதிலைத்தான்.