கையெழுத்து உன்னுடையதாக இருக்கட்டும்

விருத்தாசலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். மங்களூரில் உன் பெயரில் செராமிக் பட்டறை பதியப் போவதாக உன் அப்பா சொன்னார். "எஸ்.சி.க்கும் பெண்களுக்கும் அரசு டெண்டரில் பங்கு உண்டாமே பெரியப்பா?" என்று போனில் கேட்டாய். உண்டு.

மத்திய அரசின் கொள்முதல் கொள்கை 2012 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இப்போது அதன்படி மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 சதவீதம் எஸ்.சி., எஸ்.டி. உரிமையாளர்களுக்கு. பெண்களுக்கு 3 சதவீதம் என்பது 2018-ல் சேர்ந்தது. நம் பக்கத்து நெய்வேலி என்.எல்.சி.யும் இதில் அடக்கம். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இருந்தால் டெண்டர் படிவத்துக்குக் காசில்லை, முன்வைப்புத் தொகையும் இல்லை. ஆனால் சரக்கை நீயே செய்ய வேண்டும். வாங்கி விற்கிறவர்களுக்கு இது கிடையாது.

விலையில் மட்டும் ஏமாந்துவிடாதே. பெரிய கம்பெனி ஒன்று 100 ரூபாய்க்குத் தருகிறேன் என்று எல்லாரையும்விடக் குறைத்துச் சொல்கிறது, நீ 115-க்குள் சொல்லியிருக்கிறாய் என்றால், உனக்கும் ஒரு பங்கு ஆர்டர் கிடைக்கும். ஆனால் அதை 100-க்கே தர வேண்டும். சூளையில் வெடிக்கும், கோணும் உருப்படிகளின் செலவையும் சேர்த்து அந்த 100 கட்டுமா என்று முதலிலேயே கணக்குப் போடு. சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டுச் சட்டம். இருந்தாலும் இரண்டு மாதம் தாங்கும் முதல் கையில் இல்லாமல் இறங்காதே.

அடுத்தது, நான் பட்டது. பல வருஷத்துக்கு முன் ஒரு முதலாளி என் பெயரில் ஒப்பந்தம் எடுத்தார். "கையெழுத்து மட்டும் போடுப்பா" என்றார். வெற்றுச் செக் புத்தகத்தில் கடைசித் தாள் வரை போட்டுக் கொடுத்தேன். லாபம் அவர் வீட்டுக்குப் போனது. தரமில்லை என்று சரக்கு திரும்பியபோது நோட்டீஸ் மட்டும் என் வீட்டுக்கு வந்தது. உன்னிடமும் அப்படி ஆள் வருவார்கள். பங்குதாரர் சேர்த்தாலும் 51 சதவீதம் உன்னுடையதாக இருக்க வேண்டும், ஏட்டில் மட்டுமல்ல. செக் புத்தகமும், அரசுக் கொள்முதல் நடக்கும் ஜெம் இணையதளத்தின் பாஸ்வேர்டும் உன்னிடமே இருக்கட்டும். அப்பா கேட்டாலும், நாளைக்கு மாப்பிள்ளை கேட்டாலும் கொடுக்காதே.

"சலுகையில் வாங்கின ஆர்டர்" என்று யாராவது குத்திப் பேசுவார்கள். சோதனைக் கூடத்தில் சாதி பார்த்துச் சரக்கைத் தேற்றுவதில்லை என்று சொல். ஆனாலும் சலுகையை மட்டும் நம்பியிருக்காதே. அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரம் ஒப்பந்தங்களில் சிறுபான்மையினருக்கு வைத்திருந்த 30 சதவீதப் பங்கை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1989-ல் ரத்து செய்துவிட்டது. எந்தச் சலுகையும் சாசுவதமில்லை. இருக்கும்போதே தொழிலைக் கற்றுக்கொள்.

ஒன்றை மறந்துவிடாதே: நம்மவர்கள் டெண்டருக்கே போகாவிட்டால், அந்த 4 சதவீதத்தை மற்றச் சிறு தொழில்களிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று அதே கொள்கையில் எழுதியிருக்கிறது. அதனால் போ. நீயே போ.

அன்புடன்,
பெரியப்பா