ஓவர்ரைட்: ஒரு சொல், இரு பொருள்

கேள்வி: 'ஓவர்ரைட்' என்றால் எழுத்தின்மேல் எழுதுவது மட்டும்தானா?

பதில்: அளவுக்கு மீறி எழுதுவதும் அதுவே. முதல் பொருள் விருதுநகர் பருப்புக் கடைப் பேரேடுவரை பழகியது: 3-ஐ அழுத்தி 8 ஆக்கினால் ஓவர்ரைட்டிங்; தவறானதை அடித்துவிட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதிக் கையொப்பமிடுவதே முறை.

இரண்டாம் பொருள் நடையைப் பற்றியது. ஒரு பெயர்ச்சொல்லுக்கு மூன்று அடைமொழி, முடிந்த காட்சிக்கு இன்னொரு வருணனை என்று எழுத்து வீங்குவது. விமர்சகர்கள் ஒரு நாவலை 'ஓவர்ரிட்டன்' என்பது இதைத்தான். தமிழில் பொருத்தமான சொல் தேடி அலைய வேண்டாம்; நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் 'மிகைபடக் கூறல்' இருக்கிறது. சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டர் தாள் இதற்கு நேர் எதிர்: தேதி, திதி, நட்சத்திரம், ராகுகாலம், எமகண்டம் எல்லாம் ஒரு கையகலத் தாளில் அடங்கிவிடுகின்றன.