குறட்டை நின்றுபோகும் இடம்

அன்புள்ள மலருக்கு,

நீ அனுப்பிய ஒலிப்பதிவை மூன்று தடவை கேட்டேன். "அப்பா டிராக்டர் ஓட்டுறார் அத்தை" என்று எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்ணு. நடுவில் குறட்டை சட்டென்று நின்றுபோகிறதே, அங்கே கடிகாரத்தைப் பார்த்தேன். 20 விநாடிக்கு மேல் சத்தமே இல்லை. பிறகு கிணற்றில் முங்கி எழுந்தவனைப் போல ஒரு திணறல். மறுபடி குறட்டை. வீட்டில் எல்லோரும் சத்தத்துக்குத்தான் முகம் சுளிக்கிறீர்கள். நீ கவனிக்க வேண்டியது அந்தச் சத்தமில்லாத நேரத்தை.

நம் தொண்டை மெத்தென்ற குழாய். மூச்சுக்குழாய்க்கு இருப்பதுபோல அதைச் சுற்றிக் குருத்தெலும்பு வளையம் கிடையாது. விழித்திருக்கும்போது தசைகள் அதை விரித்துப் பிடித்திருக்கும்; தூங்கியதும் தளர்ந்துவிடும். அப்போது மல்லாந்து படுத்திருந்தால் நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்குப் பக்கத்துச் சதையும் தம் எடையாலேயே பின்னால் சரியும். வழி குறுகினால் குறட்டை. அடைத்தே போனால், நீ பதிவு செய்த அந்த அமைதி. மார்பு ஏறி இறங்கும், காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை பதறி ஆளை உலுக்கும். இது ராத்திரி முழுக்க நடந்தாலும் காலையில் அவனுக்கு எதுவும் நினைவிருக்காது. தலைவலியும், உலர்ந்த வாயும், உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுவதும்தான் மிச்சம். அந்தக் கண்ணோடுதான் உன் அப்பா தினமும் பைக் ஓட்டிப் போகிறான்.

இதை ஸ்லீப் ஆப்னியா என்பார்கள். பெரியவர்களுக்கு 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. மூச்சு நிற்பதும் வெகுவாகக் குறைவதும் சேர்ந்து மணிக்கு 5 தடவை வந்தாலே கவனிக்க வேண்டும். 30 என்றால் கடுமை.

ஒருக்களித்துப் படுத்தால் நாக்கு பின்னால் விழாமல் பக்கவாட்டில் சாயும். மல்லாந்து படுக்கையில் இந்த அடைப்பு இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஆகிறவர்களைத் தனி வகையாகப் பார்க்கலாம் என்று சிகாகோவில் ரோசலிண்ட் கார்ட்ரைட் 1984இல் எழுதினார். மருத்துவர்கள் இன்றும் அந்த அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். பனியனின் முதுகுப்பக்கம் டென்னிஸ் பந்தை வைத்துத் தைத்து, புரள முடியாமல் செய்வது பழைய வழி. முதுகு வலிக்கிறது என்று பலர் கொஞ்ச நாளில் கழற்றிவிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் நீளத் தலையணையை அணைத்து வை, அது போதும். தலைக்கு இரண்டு மூன்று தலையணை மட்டும் அடுக்காதே; தாடை மார்பில் இடித்து வழி இன்னும் குறுகும்.

தூக்கம் போதவில்லை என்று அவனாக மாத்திரை வாங்கிப் போடுகிறான் என்றாயே, அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. சில தூக்க மாத்திரைகளும் மதுவும் அந்தத் தசைகளை இன்னும் தளர்த்தும். மருத்துவர் பார்க்கும்வரை அது வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

இதைப் படித்துவிட்டுச் சித்தியின் கைக்குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்துவிடாதே. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையை மல்லாத்தித்தான் கிடத்த வேண்டும், அதுவும் தலையணை இல்லாத சமமான படுக்கையில். குப்புறக் கிடக்கும் சிசுக்களுக்குத் தூக்கத்திலேயே உயிர் போகும் ஆபத்து அதிகம். அமெரிக்காவில் 1994இல் இதை ஊரெங்கும் சொல்லத் தொடங்கிய பிறகு அத்தகைய சாவுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. மல்லாந்தால் கக்கிய பால் புரையேறாதா என்று சித்தி கேட்பாள். மல்லாந்த நிலையில் மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே இருக்கிறது. பால் மேலேறிப் போவது கடினம் என்று சொல்.

படுக்கும் பக்கத்தை மாற்றினால் மட்டும் உன் அப்பாவுக்குத் தீருமா என்று ராத்திரி முழுக்கச் செய்யும் ஸ்லீப் ஸ்டடிதான் காட்டும். எப்படிப் படுத்தாலும் அடைக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காகவே காற்றை மெல்ல அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி இருக்கிறது. சிட்னியின் காலின் சல்லிவன் 1981இல் அதை வெளியிட்டார். பார்க்க யானைத் துதிக்கை மாதிரி இருக்கும். அதைப் பார்த்து யாரும் கேலி செய்யாமல் நீ பார்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதற்குள் இரண்டு ராத்திரி பதிவு செய்து வை: மல்லாந்து படுத்திருக்கும்போது ஒன்று, ஒருக்களித்தபோது ஒன்று. எத்தனை விநாடி நின்றது என்று நோட்டில் குறித்துக்கொள். திங்கட்கிழமை மருத்துவரிடம் அதையும் கொண்டுபோவோம். அவனிடம் அக்கா வருகிறாள் என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அத்தை